கட்டுநாயக்க ஹைவே: ஏறுவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எயார்போட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் எங்கள் வீட்டில் ஓயாத வேலை. வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று எல்லாப் பக்கமும் சொந்தம் இருப்பதால், புறப்படுவதற்கு முதல் நாள் யாராவது ஒருவர் போன் எடுத்து இந்த வீதியைப் பற்றிக் கேட்பார். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கட்டுநாயக்க ஹைவே எண்டு சொல்லுறது எந்த ரோட்டை? எங்க துவங்கி எங்க முடியுது?

கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை. இலக்கம் ஈ-03. கொழும்பின் வடக்கு வாசலான களனிப் பாலத்தடியில், பேலியகொடவில் தொடங்கி, பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்குப் போகும் கனடா நட்புறவு வீதியருகே முடிகிறது. நீளம் 25.8 கிலோமீற்றர். 2013 ஒக்டோபர் 27 அன்று திறந்தார்கள். தெற்கு அதிவேக வீதிக்கு அடுத்ததாக நாட்டில் திறக்கப்பட்ட இரண்டாவது அதிவேக வீதி இது.

இடையில் இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: கெரவலப்பிட்டிய, ஜா-எல. கெரவலப்பிட்டியவில் கொழும்பு வெளிச்சுற்று வட்ட வீதியான ஈ-02 வந்து சேர்கிறது. ஆக பேலியகொட, கெரவலப்பிட்டிய, ஜா-எல, கட்டுநாயக்க. இந்த நான்கு பெயரையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் இந்த வீதியில் நீங்கள் வழி தவற மாட்டீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த வரிசைதான் அடிப்படை.

ஓட்டோவில போகலாமோ? மோட்டார் சைக்கிள்?

முடியாது. முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், சைக்கிள், உழவு இயந்திரம், நடந்து போகிறவர்கள் யாருக்கும் அதிவேக வீதிகளில் அனுமதி இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓட்டோவில்தான் போக வேண்டும் என்றால் வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவ வழியாகப் போகும் பழைய நீர்கொழும்பு வீதி, அதாவது ஏ-3, இருக்கிறது. காலையும் மாலையும் அதில் நெரிசல் கடுமையாக இருக்கும். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலமாவது கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பேலியகொட வாசலில் இருந்து கட்டுநாயக்க வாசலுக்கு இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. ஆனால் வீட்டுக் கதவிலிருந்து கணக்குப் போடும்போது இந்த இருபது நிமிடத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். நேரம் போவது இரண்டு முனைகளிலும்தான். வெள்ளவத்தையில் இருந்து பேலியகொடைக்கு வந்து சேர மாலை ஐந்து மணிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். அதிகாலை மூன்று மணிக்கு அதே தூரம் கால் மணித்தியாலம்.

எயார்போட் முனையிலும் வாகனச் சோதனை, இறக்கிவிடும் இடத்து வரிசை எல்லாம் இருக்கின்றன. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னால் அங்கே நிற்க வேண்டும் என்றால், மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால் கட்டண வாயிலைத் தாண்டினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். வாயிலில் இருந்து பெட்டியை இறக்கும் வரைக்கும் இன்னொரு அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து புத்தளம் பாதையால வாறம். எயார்போட்டுக்குப் போக இந்த ஹைவேயில ஏற வேணுமோ?

வேண்டாம். வடக்கிலிருந்து வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எயார்போட் ஹைவே என்று பெயர் இருப்பதால் அதில் ஏறினால்தான் எயார்போட்டுக்குப் போகலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இந்த வீதி எயார்போட்டில் இருந்து தெற்கே, கொழும்புப் பக்கம் போகிறது. நீங்கள் வருவது வடக்கிலிருந்து. ஏ-9இல் வவுனியா, மதவாச்சி தாண்டி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று ஏ-3இல் இறங்கி வந்தால், ஹைவேயைக் காண்பதற்கு முன்பே எயார்போட்டுக்குத் திரும்பும் சந்தி வந்துவிடும். இடது பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பிப் போகும்போதும் அப்படித்தான். எயார்போட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறவர் ஈ-03இல் ஏறக் கூடாது. ஏறினால் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்தா?

ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வரை ஒரே வழி. குருநாகலில் இருந்து பழைய பாதை நாரம்மல, கிரியுல்ல, திவுலப்பிட்டிய, மினுவாங்கொட வழியாக நேராக எயார்போட் பக்கம் இறக்கிவிடும். இன்னொன்று, 2022 ஜனவரியில் திறந்த மத்திய அதிவேக வீதியின் குருநாகல்–மீரிகம பகுதி. அதில் மீரிகமவில் இறங்கி, சாதாரண வீதியால் மினுவாங்கொடைக்கு வந்து கட்டுநாயக்க போகலாம். இரண்டிலும் ஈ-03 தேவைப்படாது. இரவில் வருவதென்றால் மீரிகம வழியை நான் விரும்புவேன். குறுகலான கடைத்தெருக்களை ஓரளவு தவிர்க்கலாம்.

கண்டி, ஹட்டன் ஆட்களுக்கு எது நல்லம்?

கண்டியிலிருந்து ஏ-1இல் வருபவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நிட்டம்புவவில் பிரிந்து வேயங்கொட, மினுவாங்கொட வழியாகச் சாதாரண வீதியில் போவது. மற்றது, கடவத்த வரை வந்து ஈ-02இல் ஏறி, கெரவலப்பிட்டியவில் ஈ-03க்கு மாறி, கட்டுநாயக்கவில் இறங்குவது. தூரம் முதலாவதில் குறைவு. ஆனால் கடவத்த வழியில் ஏறியபின் சிக்னலும் இல்லை, சந்தியும் இல்லை. ஏ-1இல் நெரிசல் இல்லாத அதிகாலை என்றால் கடவத்த. பகல் நேரம் என்றால் நிட்டம்புவ. இது என் கணக்கு.

ஹட்டன், நுவரெலியா ஆட்கள் அவிசாவளைக்கு இறங்கி, ஹங்வெல்ல வழியாகக் கடுவெலவுக்கு வந்து ஈ-02இல் ஏறுவது நல்லது. அங்கிருந்து கெரவலப்பிட்டிய, அப்புறம் கட்டுநாயக்க. கொழும்பு நகருக்குள் கால் வைக்கத் தேவையே இல்லை. கடவத்த–கெரவலப்பிட்டிய துண்டு 2019 நவம்பரில் திறந்த பிறகுதான் இது சாத்தியமானது. அதற்கு முன் எயார்போட் பயணம் போனவர்கள் பழைய ஞாபகத்தில் இன்னும் கொழும்புக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். காலி, மாத்தறை ஆட்களுக்கும் இதே மாதிரி வழிதான்: தெற்கு அதிவேக வீதி, கொட்டாவ, ஈ-02, கெரவலப்பிட்டிய, ஈ-03.

காசு எப்பிடிக் கட்டுறது?

ஏறும் இடத்தில் ஒரு டிக்கெட் தருவார்கள். இறங்கும் இடத்தில் அதைக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள், எந்த வகை வாகனம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். கார், சிறிய வான் ஒரு வகை. பஸ், லொறி வேறு வகை. டிக்கெட்டைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வாசலில் பின்னால் பத்து வாகனம் காத்திருக்கத் தேடுவது நல்ல அனுபவம் இல்லை. அது தொலைந்தால் நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சில்லறைத் தாள்கள் தயாராக இருக்கட்டும். மின்னணு முறையில் கட்டணம் கழியும் வாகனங்களுக்கென்று தனி லேன் உண்டு. அதற்கான ஸ்டிக்கர் உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மட்டும் அதில் போங்கள். தவறி நுழைந்தால் பின்னுக்கு எடுக்க வழியில்லாமல் நிற்பீர்கள்.

வெளிநாட்டில இருந்து இப்பதான் இறங்கியிருக்கிறம், கையில டொலர்தான். ஹைவேயில எடுப்பினமோ?

அதை நம்பி ஏற வேண்டாம். வெளியே வருவதற்கு முன் எயார்போட்டிலேயே வங்கிக் கவுன்டர்கள் இருக்கின்றன. கொஞ்சத்தையாவது ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெரிய தாள்களாகவே வாங்காமல் சிறிய தாள்களும் கேட்டு வாங்குங்கள். கூட்டிப்போக வந்தவரின் காசிலேயே எல்லாம் போவதை அவர் சொல்லமாட்டார். ஆனாலும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

லண்டன் லைசென்ஸ் இருக்கு. எயார்போட்டில வாகனம் எடுத்து நானே ஓடலாமோ?

வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் போதாது. இலங்கையில் ஓட்ட அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் தற்காலிக அனுமதிப்பத்திரம் தருகிறது. முன்பெல்லாம் வெரஹெர அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வெளிநாட்டவர்களுக்காக எயார்போட் வருகை மண்டபத்திலேயே ஒரு கவுன்டர் திறந்தார்கள்.

அனுமதி கிடைத்தாலும், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பறந்து வந்த கையோடு ஓட்டாதீர்கள். இங்கேயும் இடது பக்க ஓட்டம்தான் என்பதால் லண்டன்காரருக்குச் சுலபம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனியில் இருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ். ஹைவேயில் எதிர்ப்பக்கம் தனியாகப் பிரிந்திருப்பதால் பிழை விடுவது குறைவு. இறங்கியபின் முதல் சந்தியில் வலது பக்கம் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் தலை தூக்கும்.

வேகம் எவ்வளவு மட்டும் போகலாம்? எல்லாரும் 120இல போறாங்கள்தானே?

மேல் எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். வாயில்களை நெருங்கும்போதும் பிரிந்து இறங்கும் வளைவுகளிலும் அதைவிடக் குறைந்த அளவுப் பலகைகள் வரும். அங்கே பலகையில் உள்ளதுதான் எல்லை. பொலிஸார் வேகமானியோடு நிற்பதும் வழக்கம்.

120இல் போவதால் என்ன கிடைக்கிறது என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25.8 கிலோமீற்றரை 100இல் ஓடினால் பதினைந்தரை நிமிடம். 120இல் ஓடினால் ஏறத்தாழப் பதின்மூன்று. இரண்டரை நிமிடம்தான் மிச்சம். கட்டண வாயிலில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் டிக்கெட்டைத் தேடினால் அதுவும் போய்விடும். இது தெற்கு அதிவேக வீதி போல நீண்ட வீதி இல்லை. வேகத்தால் லாபம் பார்க்க இதில் தூரமே கிடையாது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னால் புறப்படுவது, இந்த வீதியில் எந்த வேகத்தில் ஓடினாலும் கிடைக்காத நேரம்.

மழை பெய்தா?

60க்குக் குறையுங்கள். அறிவிப்புப் பலகைகளிலும் அதைத்தான் போடுவார்கள். காரணத்தையும் சொல்கிறேன். 100இல் போகும் வாகனம் ஒரு வினாடியில் 28 மீற்றர் ஓடுகிறது. முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு உங்கள் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி எடுத்தால், மிதிப்பதற்கு முன்பே 42 மீற்றர் போய்விட்டது. காய்ந்த வீதியில் அதற்கு மேல் இன்னும் 55 மீற்றர் அளவு. மொத்தம் நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஈரமான வீதியில் பிடிமானம் குறைவதால் அதே வாகனம் நிற்க ஏறத்தாழ 140 மீற்றர் வேண்டும். 60இல் போனால் ஈரத்திலும் ஏறத்தாழ 60 மீற்றர்.

இந்த வீதியின் பெரும் பகுதி முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் மேல், நீர்கொழும்புக் களப்புப் பக்கமாக, மணல் நிரப்பி உயர்த்திய அணையில் போகிறது. பக்கத்தில் கட்டடமும் இல்லை, மரமும் குறைவு. மழை வந்தால் பக்கவாட்டுக் காற்றும் சேர்ந்து வரும். உயரமான வானின் கூரையில் பெட்டிகளும் இருந்தால் காற்று தள்ளுவதை ஸ்டியரிங்கில் உணர்வீர்கள். அந்த நேரம் வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். காலை எடுத்து வேகத்தை மட்டும் குறையுங்கள்.

முன்னால போற வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விடவேணும்?

மீற்றரில் அளப்பது கஷ்டம், வினாடியில் எண்ணுங்கள். முன் வாகனம் ஒரு கம்பத்தையோ பாலத்தையோ தாண்டும்போது எண்ணத் தொடங்கி, மூன்று எண்ணுவதற்குள் நீங்கள் அதே இடத்துக்கு வந்துவிட்டால் நெருங்கி ஓடுகிறீர்கள். மழையில் ஐந்து. இடைவெளிக்குள் இன்னொருவர் புகுந்தால் கோபப்படாமல் மறுபடி காலை எடுத்து விட்டுக்கொடுங்கள். வலது லேன் முந்துவதற்கு. முந்தி முடிந்ததும் இடதுக்கு வந்துவிடுங்கள். 80இல் போய்க்கொண்டு வலது லேனைப் பிடித்துக்கொண்டிருப்பவரால்தான் மற்றவர்கள் இடது பக்கத்தால் முந்தப் பார்க்கிறார்கள்.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிட்டன். பின்னுக்கு எடுக்கலாமோ?

எந்தக் காரணத்துக்கும் கூடாது. இரண்டு மீற்றர்தான் தாண்டியது என்றாலும் கூடாது. ஓரத்தில் நிறுத்திப் பின்னுக்கு எடுப்பவரைப் பின்னால் 100இல் வருபவர் ஓடும் வாகனம் என்றுதான் நினைப்பார். நிற்கிறது என்று புரியும்போது அவருக்கு மேலே சொன்ன நூறு மீற்றர் இருக்காது.

முதல் பதிலில் சொன்ன நான்கு பெயரை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து வரும்போது ஜா-எலவைத் தவறவிட்டால் கட்டுநாயக்கவில் இறங்கி ஏ-3ஆல் திரும்பி வரலாம். கட்டுநாயக்கவில் இருந்து கண்டி போகிறவர் கெரவலப்பிட்டியவைத் தவறவிட்டால் பேலியகொட வரை போய் வெளியேறி, அங்கிருந்து ஏ-1ஐப் பிடிக்கலாம், அல்லது மறுபடி ஏறி வரலாம். வட்டம் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் காசும் போகும். அவ்வளவுதான் நஷ்டம்.

வாகனம் நடுவழியில நிண்டிட்டா என்ன செய்யிறது?

இயலுமானவரை இடது ஓரத்தில் விட்டிருக்கும் நிறுத்தும் பகுதிக்குக் கொண்டுவந்து, நான்கு சிக்னலையும் போடுங்கள். எல்லோரும் இடது பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக்கு வெளிப்புறம் நிற்க இடமிருந்தால் அங்கே போய் நில்லுங்கள். வாகனத்துக்குள் இருந்துகொண்டு போன் பேசுவது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அதுதான் ஆபத்தான இடம். அதிவேக வீதிகளின் அவசர இலக்கம் 1969. யாருக்காவது காயம் என்றால் சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. எந்தக் கிலோமீற்றர் கல்லுக்குப் பக்கத்தில், எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அதனால் ஓடும்போதே அந்தச் சிறிய பலகைகளைக் கவனிக்கிற பழக்கம் நல்லது.

வான் ரயர் மாற்றுவதென்றால் வலது பக்கத்து ரயரை நீங்களே மாற்ற இறங்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு மீற்றரில் பஸ் போகும். உதவி வரும்வரை பொறுங்கள்.

ரயர் பாத்துத்தான் ஏறவேணும் எண்டு ஏன் சொல்லுறீங்கள்? சாதாரண ரோட்டில ஓடுற வாகனம்தானே?

சாதாரண வீதியில் 50இல் ஓடி ஒரு குறையும் காட்டாத ரயர், ஆறு பேரும் எட்டுப் பெட்டியுமாக 100இல் தொடர்ந்து ஓடும்போது சூடேறி வெடிக்கலாம். காற்றுக் குறைந்த ரயர் அதிகம் வளைகிறது, அதனால் அதிகம் சூடாகிறது. முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று சாரதி பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும். பாரம் ஏற்றுவதற்கு முன் அந்த அளவுக்கு அடியுங்கள்.

ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரயரின் பூ, அதாவது வீதியில் படும் பக்கத்து வெட்டுகள், நன்றாக இருந்தாலும் வயதான இறப்பர் வெடிப்பு விடும். இடையிலிருக்கும் மெல்லிய கீறல்களை விரலால் தடவிப் பாருங்கள்.

கூரையில பெட்டி கட்டிக்கொண்டு போகலாமோ?

நன்றாகக் கட்டியிருந்தால் போகலாம். பெட்டியின் கைபிடியில் மட்டும் கயிறு போட்டுக் கட்டாதீர்கள். கைபிடி கழன்றால் பெட்டி போய்விடும். உடம்பைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே வலையோ தார்ப்பாயோ போட்டு இறுக்குங்கள். தளர்வாக விட்ட தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்துக் கயிற்றையே தளர்த்திவிடும். ஒருமுறை எனக்கு முன்னால் போன வானில் இருந்து ஒரு பெட்டி கழன்று நடு லேனில் விழுந்தது. பின்னால் வந்த மூன்று பேரும் இடைவெளி விட்டு வந்ததால்தான் அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏறும் வாயிலுக்கு முன் ஒருமுறை இறங்கி, கட்டிய கயிற்றை இழுத்துப் பாருங்கள்.

வழியில ரொய்லெட், சாப்பாட்டுக் கடை இருக்கோ?

இல்லை. தெற்கு அதிவேக வீதியில் வெலிபென்னையில் இருப்பது போன்ற ஓய்விடம் இந்த வீதியில் கிடையாது. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஓரத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தும் ஓரம் பழுதான வாகனத்துக்கு மட்டும்.

பின்னால இருக்கிற ஆக்களும் பெல்ட் போடவேணுமோ?

போட வேண்டும். 100இல் மோதும்போது பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன் இருக்கைக்காரர் மேல் விழுவார். அம்மாவின் மடியில் குழந்தை இருந்தால் அந்தக் கைகளால் பிடித்து வைக்க முடியாது. குழந்தை இருக்கை இல்லாத வாகனத்தில் கைக்குழந்தையோடு போகும் நாளில் இடது லேனில் மெதுவாகப் போங்கள். யார் ஹோர்ன் அடித்தாலும் பரவாயில்லை.

வாகனமே இல்லை. பஸ்ஸில போகலாமோ?

கொழும்பு கோட்டைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் 187 இலக்க பஸ் ஓடுகிறது. அதில் சில பழைய வீதியால் போகின்றன, சில ஹைவேயால் போகின்றன. ஏறும்போது “ஹைவே பஸ்ஸா?” என்று கேட்டு ஏறுங்கள். ஹைவே பஸ்களில் இருக்கை அளவுக்குத்தான் ஆட்கள், நின்றுகொண்டு போக முடியாது. பெரிய பெட்டி இருந்தால் அதற்கும் ஒரு இருக்கைக் காசு கேட்கலாம்.

கொழும்புப் பக்கம் இறங்கினதும் வெள்ளவத்தைக்கு எந்தப் பக்கம்? கொட்டாஞ்சேனைக்கு?

2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்தபின் இது சுலபமாகிவிட்டது. கம்பிகளால் தாங்கிய அந்த ஆறு லேன் பாலத்தின் மேலேயே வழிகள் பிரிகின்றன. ஒன்று ஒருகொடவத்தைப் பக்கம் இறங்கி பேஸ்லைன் வீதியைப் பிடிக்கும். மற்றது இங்குருகடைச் சந்திப் பக்கம், துறைமுகத்தை நோக்கி.

கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி போகிறவர்களுக்கு இங்குருகடை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்கு இரண்டாலும் போகலாம். பகலில் பேஸ்லைன் வீதியால் தெமட்டகொட, பொரளை, கிருலப்பனை என்று போவதா, கோட்டை தாண்டி காலி முகத்திடல் வழியாகக் காலி வீதியைப் பிடிப்பதா என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு நான் காலி முகத்திடல் வழியைத்தான் எடுப்பேன். எதுவானாலும் பாலத்துக்கு ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பலகையைப் பார்த்தபின் யோசிக்க நேரம் போதாது.

மெப் எங்களை ஹைவேயில ஏத்திவிட்டிட்டுது. நாங்கள் போகவேண்டியது சிலாபம்!

எயார்போட்டில் இருந்து வெளியே வரும் வழியில் ஹைவேக்கும் ஏ-3க்கும் பிரியும் இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நொடி தவறினால் வாயிலுக்குள் போய்விடுவீர்கள். நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. அமைதியாக ஜா-எல வரை போய், இறங்கிக் காசு கட்டி, ஏ-3ஆல் வடக்கே திரும்புங்கள். அல்லது அங்கேயே மறுபக்கமாக ஏறி கட்டுநாயக்கவுக்கு வந்துவிடுங்கள். வாயிலில் நின்று வாக்குவாதப்படுவதில் பயன் இல்லை.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வாகனம் அசைவதற்கு முன் மெப்பில் முழுப் பாதையையும் விரித்துப் பார்ப்பது. நீலக் கோடு முதலில் தெற்கே இறங்கினால் நீங்கள் போகும் ஊர் தெற்கில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் எதுவும் தெற்கில் இல்லை.

இரவு முழுக்க ஓடி வந்து, ஆளை விட்டிட்டு, உடனே திரும்பி வெளிக்கிடலாமோ? சாரதி ஒராள்தான்.

எனக்கு அதிகம் பயம் தரும் கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து எட்டு மணித்தியாலம் ஓடி வந்தவருக்கு, ஆள் உள்ளே போகும் வரைக்கும் பதற்றத்தில் தூக்கம் வராது. போனதும் அந்தப் பதற்றம் விட்டுவிடும். கூடவே வந்தவர்கள் அழுது களைத்துப் பின்னால் தூங்கிவிடுவார்கள். பேச்சுத்துணையும் இல்லை. நேரம் அதிகாலை மூன்று, நான்கு. உடம்பு இயல்பாகவே தூக்கம் கேட்கும் நேரம். கொழும்புக்கு ஹைவேயால் போகிறவர் என்றால் வீதியும் நேராக, குலுக்கமே இல்லாமல் இருக்கும். நான்கு வினாடி கண் மூடினால் 100இல் 110 மீற்றர் தாண்டிவிடும்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். ஒரு தேநீரோ கோப்பியோ குடித்துவிட்டு, எயார்போட் வாகனத் தரிப்பிடத்திலேயே இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். எழும்பும்போது கோப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதுவும் போதாது என்று தோன்றினால் நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்து விடிந்தபின் போங்கள். தரிப்பிடக் காசையும் அறைக் காசையும் புறப்படும் முன்பே பயணச் செலவில் சேர்த்து எடுத்து வையுங்கள். அப்போதுதான் அந்த நேரத்தில் சாரதியாக இருப்பவர், “எனக்குத் தூக்கம் வருகுது” என்று தயங்காமல் சொல்வார்.